செங்கோட்டைச் சாரலும் ஒரு பழைய கணினியும்

115 துண்டுகள் கொண்ட ஸ்க்ரூ டிரைவர் பெட்டி, விலை 499 ரூபாய். கைப்பேசித் திரையில் அதன் படத்தைப் பார்த்தபோது, உலகத்தில் இனி நான் கழற்ற முடியாத திருகே இல்லை என்று தோன்றியது. பெட்டி வந்த அன்றே, என் பழைய கணினியில் ஹார்டு டிஸ்க்கைப் பிடித்திருந்த திருகில் முதல் முனையை வைத்துத் திருகினேன். திருகு அசையவில்லை. முனைதான் வெல்லம் போலக் கரைந்தது. முனை வழுக்கியதில் திருகின் கூட்டல் குறியும் வட்டக் குழியாகிவிட்டது.

ரப்பர் பேண்டை நடுவில் வைத்துத் திருகிப் பார்த்தேன், பயனில்லை. கடைசியில் அப்பா தம் மர அலமாரியிலிருந்து மூக்குக் குறடு ஒன்றை எடுத்துவந்தார். திருகின் தலையை வெளிப்புறமாகக் கவ்வி ஒரு திருப்பு திருப்பினார். வந்துவிட்டது. "திருப்புளி ஒன்றாவது உருப்படியாக வாங்கக் கூடாதா?" என்றார். எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு அது ஸ்க்ரூ டிரைவர் அல்ல, திருப்புளி.

பகலில் ஒரு மரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். இரவில் கணினிகளைக் கழற்றி மாட்டுகிறேன். இரண்டாவது வேலைக்குச் சம்பளம் கிடையாது. இங்கே சொல்லப்போவது தென்காசியில் ஒருவர் பயன்படுத்தியதை விலைக்கு வாங்கிய ஒரு மேசைக் கணினியின் கதை: எச்61 போர்டு (தாய்ப்பலகை), ஐ3 செயலி, டிடிஆர்3 நினைவகம். விற்றவர் "நன்றாக ஓடும்" என்றார். ஓடவும் செய்தது, ஆனி மாதம் சாரல் தொடங்கும்வரை.

சாரலைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று புகுந்து எங்கள் ஊரான செங்கோட்டைமேல் இறங்கும். குற்றாலத்தில் அருவி விழும், ஊரார் கொண்டாடுவார்கள். வீட்டுக்குள் இரும்பு துருவேறும், உப்பு கசியும், அப்பளம் நமத்துப்போகும். கணினி வைத்திருப்பவனுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எந்தப் பழுதானாலும் ஈரத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடத் தோன்றும். நானும் அப்படித்தான் செய்தேன். அதில் இரண்டு மாதம் வீணாயிற்று.

காலையில் பொத்தானை அமுக்கினால் விசிறி சுற்றும், திரையில் ஒன்றும் வராது. அணைத்து அணைத்துப் போட்டால் நாலாவது முறை உயிர் வரும். தேதி 2012 ஜனவரி 1 என்று காட்டும். மாலையில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே தானாக மறுபடி தொடங்கும். இவற்றோடு நான் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஒன்றும் இருந்தது: ஈரக் காலோடு கணினிப் பெட்டியின் உலோகத்தில் கை பட்டால் எறும்பு ஊர்வதுபோல ஒரு சுருசுருப்பு.

தேதிப் பிழை எளிது. போர்டிலிருந்த சிஆர்2032 நாணய பேட்டரி 3 வோல்ட் காட்ட வேண்டும். என்னுடையது 2.4 காட்டியது. புதிது மாற்றியதும் தேதி நிலைத்தது. நினைவகப் பட்டையைக் கழற்றி, தங்க முலாம் பூசிய விளிம்பை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தேன். மருந்துக்கடை ஸ்பிரிட்டோ 70 சதவீத ஆல்கஹாலோ வேண்டாம்; மீதி 30 சதவீதம் தண்ணீர். கைப்பேசி பழுது பார்ப்பவர்களுக்குச் சாமான் விற்கும் கடைகளில் 99 சதவீதம் கிடைக்கும். பென்டிரைவில் நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ் ஏற்றி இரவு முழுக்க ஓடவிட்டேன், பிழை இல்லை. ஆனாலும் காலையில் அதே நாலு முறை.

அந்தச் சுருசுருப்பை நான் அளக்கப் போனது ஓர் இழப்புக்குப் பிறகுதான். கூடத்து டிவியில் படம் பார்க்கலாம் என்று எச்டிஎம்ஐ வயரை டிவியில் செருகி, மறுமுனையைக் கணினிக்குக் கொண்டுபோனேன். தொட்டதும் ஒரு நீலப் பொறி. கணினியின் எச்டிஎம்ஐ துளை அன்றோடு செத்தது. நல்ல வேளை, திரைக்கான பழைய இணைப்பான விஜிஏ பிழைத்தது.

இருநூறு ரூபாய் மஞ்சள் மல்டிமீட்டர் ஒன்று என்னிடம் இருந்தது. பேட்டரி பார்க்கவும் வயர் அறுந்திருக்கிறதா என்று 'பீப்' கேட்கவும் அது போதும். வீட்டு மின்சாரத்தில் அதைச் செருக எனக்குத் துணிவில்லை. அதன் கம்பிகளின் உறை தலைமுடி போல அவ்வளவு மெலிதாக இருந்தது. எனவே வீட்டு மின்சாரத்தை அளக்கத் தகுந்த பாதுகாப்பு வகையான கேட் III (CAT III) 600 வோல்ட் என்று அச்சிட்ட மீட்டர் ஒன்று வாங்கினேன், 1,400 ரூபாய். இந்த மேசைக்காக நான் செய்த செலவுகளில் இதற்கு மட்டும் ஒருநாளும் வருந்தியதில்லை. ஒரு எச்சரிக்கை: சிவப்புக் கம்பி 10 ஆம்பியர் துளையில் இருக்கும்போது சுவர் சாக்கெட்டில் நுழைத்துவிடாதீர்கள். அந்தத் துளை கிட்டத்தட்ட நேர்க் கம்பிதான். வோல்ட் அளக்கப் போய் ஷார்ட் சர்க்யூட் செய்துவிடுவீர்கள்.

அளந்தேன். மின்சாரம் வரும் லைனுக்கும் அது திரும்பும் நியூட்ரலுக்கும் நடுவே 226 வோல்ட். சரி. நியூட்ரலுக்கும் மண் இணைப்பான எர்த்துக்கும் நடுவே ஓரிரண்டு வோல்ட்தான் இருக்க வேண்டும். இருந்தது 70க்கு மேல், அதுவும் ஒரு நிலையில் நிற்காமல் ஆடிக்கொண்டு. கணினிப் பெட்டிக்கும் ஈரத் தரைக்கும் நடுவே 108 வோல்ட்.

108 என்றதும் பயந்துபோய்ப் பெட்டியை மூலையில் தள்ளிவைத்தேன். பிறகுதான் கணக்குப் புரிந்தது. கணினிக்கு மின்சாரம் மாற்றிக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் இரண்டு சிறு மின்தேக்கிகள் இருக்கும். ஒன்று லைனுக்கும் பெட்டிக்கும் நடுவே, மற்றது நியூட்ரலுக்கும் பெட்டிக்கும் நடுவே. மின் இரைச்சலை மண்ணுக்கு வடித்துவிடுவது அவற்றின் வேலை. மண் இணைப்பு இருந்தால் அந்தச் சிறு கசிவு ஓசையில்லாமல் இறங்கிவிடும். இல்லாவிட்டால் பெட்டி இரண்டுக்கும் நடுவில் தொங்கும், 230இல் ஏறக்குறைய பாதியில். மின்னோட்டம் ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு என்பதால் ஆளைக் கொல்லாது, சுருசுருக்கும். ஆனால் கேபிள் டிவி வயரின் வெளி உறை வேறெங்கோ மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அதோடு சேர்ந்த டிவிக்கும் தொங்கிக்கொண்டிருந்த என் கணினிக்கும் முதல் சந்திப்பு நடந்த இடம் எச்டிஎம்ஐ துளை. நீலப் பொறி அதுதான். எஸ்எம்பிஎஸ்ஸுக்கு உள்ளேயே பழுது ஏற்பட்டு லைன் நேராகப் பெட்டியைத் தொட்டிருந்தால் கதை வேறு.

எலக்ட்ரீஷியன் அண்ணாச்சியைக் கூட்டிவந்தேன். எங்கள் வீடு தாத்தா கட்டியது. 1956 நவம்பர் 1க்கு முன் செங்கோட்டை திருவிதாங்கூரோடு (கடைசியில் திருவிதாங்கூர்-கொச்சியோடு) இருந்ததால் வீட்டின் பழைய ஆதாரப் பத்திரத்தில் மலையாளத்தாரின் கொல்லம் ஆண்டுதான் இருக்கிறது. வயரிங் அவ்வளவு பழையதல்ல, ஆனால் அதன் சாயல் உண்டு. அண்ணாச்சி சுவிட்ச்போர்டைக் கழற்றிப் பச்சை வயரைப் பிடித்துக்கொண்டே போனார். அது மீட்டர் பலகைவரை ஒழுங்காக வந்தது. அங்கிருந்து ஒரு இரும்புக் கம்பி புறவாசல் சுவரில் இறங்கி, தரைக்கு நாலு விரல் மேலே துருவாகி முடிந்திருந்தது.

"தம்பி, எல்லா அறைக்கும் எர்த் வந்திருக்கிறது. மண்ணுக்குத்தான் போகவில்லை."

கிணற்றடியில் துணி துவைக்கும் கல்லுக்கு அருகே குழி தோண்டினோம். அங்கே ஈரம் எளிதில் காயாது. இந்தியத் தர நெறியான ஐஎஸ் 3043 மண்ணில் புதைக்கும் குழாய் மின்முனைக்கு இரண்டரை மீட்டர் நீளம் கேட்கிறது. இரண்டாள் ஆழம் போவதற்குள் சரளைக் கல் மறித்தது. அரை நாள் கடப்பாறை. உப்பும் அடுப்புக்கரியும் கொட்டுவது பழைய முறை. உப்பு குழாயையே தின்னும் என்பதால் பெண்டோனைட் களிமண் கலந்த பொடி போடலாம் என்றார் அண்ணாச்சி. மேலே தண்ணீர் ஊற்றச் சிறு தொட்டி, மீட்டர் பலகையில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச். மொத்தம் ஆறாயிரத்துச் சொச்சம் ஆனது, கணினி வாங்கிய விலையை விட அதிகம். மறுபடி அளந்தபோது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 1.3 வோல்ட். பெட்டியில் கை வைத்தால் வெறும் தகரம்.

கணினிக்குக் கருவி வாங்க வேண்டும் என்று என்னிடம் கேட்கும் பையன்களிடம் முதலில் உங்கள் வீட்டு சாக்கெட்டை அளந்து பார் என்கிறேன். அவர்களுக்கு ஏமாற்றம். அவர்கள் எதிர்பார்ப்பது வண்ண விளக்கு எரியும் விசிறி.

எர்த் சரியானது. காலை நோய் தீரவில்லை.

பெட்டியைப் பிரித்துத் தலைவிளக்கை மாட்டிக்கொண்டு குனிந்தேன். நூற்றைம்பது ரூபாய் தலைவிளக்கு, வாங்குங்கள். கைப்பேசியை வாயில் கவ்வ வேண்டியதில்லை. நினைவகத் துளைகளின் அருகே உருளை மின்தேக்கிகள் வரிசையாக நின்றன. மூன்றின் தலை மட்டும் லேசாக உப்பியிருந்தது. நேராகப் பார்த்தால் தெரியாது. பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது பணியாரம் போலத் தெரிந்தது. கடைக்காரர்கள் இதைக் கண்டென்சர் என்பார்கள், அப்படிக் கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். இதன் உள்ளே திரவம். வயதாக ஆக அது வற்றி உள்தடை ஏறும். குளிர்ந்திருக்கும்போது தடை இன்னும் கூடும். நாலு முறை போட்டுப் போட்டுச் சற்றுச் சூடானதும் பிழைத்துக்கொள்ளும். சாரல் காலத்துக் காலை குளிர்ச்சியாக இருக்கிறதல்லவா? நான் ஈரத்தைப் பிடித்துக் கூண்டில் ஏற்றினேன். உண்மைக் குற்றவாளி குளிர், அதற்குத் துணைபோனது முதுமை.

மூன்றும் 6.3 வோல்ட், 1000 மைக்ரோஃபாரட், எட்டு மில்லிமீட்டர் விட்டம். தென்காசியில் கிடைத்தவை 85 டிகிரி வெப்பம்வரை தாங்கும் வகை. எனக்கு 105 டிகிரி, உள்தடை குறைந்த வகை வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கேரளத்துப் புனலூருக்கு ரயிலேறினேன். 1904இல் போட்ட மீட்டர்கேஜ் பாதை அது. 2010இல் மூடி அகலப்பாதையாக்கி 2018இல் திறந்தார்கள். ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை, ஆனாலும் மலையேற்றத்தில் ரயில் மூச்சு வாங்கும். பதின்மூன்று கண் பாலம் வந்ததும் கண்டென்சர் மறந்துபோகும். புனலூரில் டிவி பழுது பார்க்கும் ஒரு சேட்டனிடம் கேட்டேன். பழைய மின்தேக்கி ஒன்றைக் கொடுத்ததும் உள்தடை அளக்கும் மீட்டரில் வைத்தார், பார்த்தார், குப்பையில் போட்டார். புதிதில் நாலைந்தை அளந்து, எண் குறைவாக வந்த மூன்றைப் பொறுக்கிக் கொடுத்தார். ஒன்று பத்து ரூபாய். "சேட்டா, ஆறு கொடுங்கள்" என்றேன். கை நடுங்கும் என்று எனக்குத் தெரியும்.

சால்டரிங், அதாவது சால்டர் என்ற உலோகக் கலவையை உருக்கிப் பற்றவைப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அதிகம் பணம் கெடுத்தது இங்கேதான். என்னிடம் இருந்தது 25 வாட் சால்டரிங் அயர்ன். வானொலி, சார்ஜர் வயர் எல்லாவற்றுக்கும் அது தாராளம். தாய்ப்பலகையில் வைத்தால் முனை ஒட்டிக்கொண்டு நின்றது. பலகைக்குள் அடுக்கடுக்காகச் செம்புத் தகடு. கொடுக்கும் சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடுகிறது. அண்டாத் தண்ணீரைத் தீக்குச்சியால் கொதிக்கவைக்கும் வேலை. வெப்பத்தைத் திருகிவைக்கும் 60 வாட் அயர்ன் வாங்கினேன், 350 டிகிரி. ஊசி முனையைக் கழற்றி எறிந்துவிட்டு உளி முனை போட்டேன். நுண்ணிய வேலைக்கு ஊசி முனைதான் வேண்டும் என்று நினைப்போம். அதன் நுனியில் சூடு தங்காது. உளி முனை அகலமாகத் தொட்டுச் சூட்டை இறக்கும்.

இன்னொரு தந்திரம். கடையில் வரும் போர்டுகளில் ஈயம் கலக்காத சால்டர் இருக்கும், உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். அதன்மேல் நம்முடைய 63க்கு 37 வெள்ளீய-ஈயக் கலவையைக் கொஞ்சம் உருக்கிவிடுங்கள். அது 183 டிகிரியிலேயே உருகும். இரண்டும் கலந்ததும் பழையது இளகிக் கொடுக்கும். மின்தேக்கியின் ஒரு காலைச் சூடாக்கிச் சற்றுச் சாய்த்து, மறு காலைச் சூடாக்கி மறுபக்கம் சாய்த்து, ஆடும் பல்லைப் பிடுங்குவதுபோல மாறி மாறி. இழுக்காதீர்கள்; துளையின் செம்பு வளையம் கூடவே வந்துவிடும். அடைத்த துளையைத் திறக்கத் தென்னை ஈர்க்குச்சி. சால்டர் உருகியிருக்கும்போது குத்தினால் ஈர்க்கு கருகும், ஒட்டாது. வாங்கிய உறிஞ்சு பம்பை விட எனக்கு அதுதான் கைகொடுத்தது. வேலை முடிந்ததும் கை கழுவாமல் முறுக்கில் கை வைக்க வேண்டாம், ஈயம்.

கழற்றுமுன் படம் எடுங்கள். மின்தேக்கியின் உடலில் கோடு போட்ட பக்கம் எதிர்மறை. ஆனால் பலகையில் நிழலிட்ட அரைவட்டம் எதைக் குறிக்கிறது என்பதில் எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒத்துப்போகவில்லை. தலைகீழாக மாட்டினால் வெடிக்கும்.

சின்ன வட்டத் தகர டப்பாவில் வரும் சால்டரிங் பசையைத் தொடாதீர்கள். சிலவற்றில் அமிலத்தன்மை உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மோடத்தின் மின் துளையை அதைப் போட்டு ஒட்டிப் பெருமைப்பட்டேன். அடுத்த சாரலில் திறந்து பார்த்தால் ஒட்டிய இடமெல்லாம் பச்சைப் பாசி படிந்திருந்தது. உலர்ந்த ஊரில் அது சில வருடம் தப்பித்திருக்கலாம், எங்கள் ஊரில் ஒரு ஆடிகூடத் தாங்கவில்லை. ரோஸின் (மரப்பிசின்) வகை மட்டும் வாங்குங்கள், அதையும் ஆல்கஹால் விட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவிவிடுங்கள்.

ஆறில் மூன்றைக் கெடுக்காமல் மாட்டி முடித்தபோது இரவு ஒரு மணி. மறுநாள் காலை முதல் அமுக்கலிலேயே திரை வந்தது. வீட்டில் யாரும் கைதட்டவில்லை.

மாலைநேர மறுதொடக்கத்துக்குக் காரணம் எஸ்எம்பிஎஸ். மஞ்சள் வயரில் 12 வோல்ட் வர வேண்டும், ஐந்து சதவீதம் ஏறி இறங்கலாம், அதாவது 11.4க்குக் கீழே போகக் கூடாது. பச்சை வயரைக் கறுப்போடு இணைத்து வெறுமனே ஓடவிட்டு அளந்தால் 12.1 என்று சாதுவாகக் காட்டியது. கணினியை வேலை வாங்கிக்கொண்டே இணைப்பின் பின்புறமாக ஊசியை நுழைத்து அளந்தபோது 11.2. சுமையில்லாமல் அளப்பது மாட்டை வண்டியில் பூட்டாமல் விலை பேசுவது. எஸ்எம்பிஎஸ்ஸை நான் திறக்கவில்லை. உள்ளே 325 வோல்ட் நேர்மின்சாரம் தேங்கும் மின்தேக்கி உண்டு, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அதில் இருக்கும். புதிதாக 450 வாட் வாங்கிப் போட்டேன். மாலையில் சுவரிலேயே 190 வோல்ட்வரை இறங்குகிறது என்பதும் அளந்தபோதுதான் தெரிந்தது. அதற்கு 600 விஏ யுபிஎஸ் ஒன்று. கால் மணி நேரம் தாங்கும். உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் சாகும், அதைத் தனியாக மாற்றலாம்.

ஸ்க்ரூ டிரைவர் விஷயத்துக்கு வருகிறேன். கூட்டல் குறி முனைகளின் அளவைப் பிஎச் எண்ணால் சொல்வார்கள். டபாரியா நிறுவனத்தின் பிஎச்2 ஒன்று, நீளத் தண்டு. அதைவிடச் சிறிய பிஎச்1, பிஎச்0, பிஎச்00 மூன்றும் கெட்டியான எஸ்2 எஃகில் நல்லதாக. மடிக்கணினி திறப்பவர்களுக்கு டி5, டி6 நட்சத்திர முனைகள். இவ்வளவுதான் இரண்டு வருடமாக என் கையில் புழங்குகின்றன. கணினிப் பெட்டித் திருகுகள் பருத்த மரையுள்ள 6-32 வகை. எஸ்எஸ்டிக்கும் டிவிடி டிரைவுக்கும் நெருக்க மரையுள்ள எம்3. இரண்டையும் கலந்துவிட்டு, மரை ஏறாததை வலுவாகத் திருகினால் எஸ்எஸ்டியின் துளை பாழ். அதற்குத்தான் எங்கள் வீட்டில் ஒரு இட்லித் தட்டு இடம் மாறியது. ஒவ்வொரு குழியிலும் ஒரு கட்டத்தில் கழற்றிய திருகுகள், தட்டின் துளை வழியாகச் சிறியவை விழாமல் அடியில் இட்லித் துணி. மனைவி புதுத் தட்டு வாங்கிய செலவையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கருவிகள் குடியிருப்பது காற்றுப் புகாத முறுக்கு டின்னில். எஃகின்மேல் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துடைப்பு. ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல் பச்சையானால் வாணலியில் மெதுவாகச் சூடேற்றி மறுபடி ஆரஞ்சாக்குகிறேன். அந்த வாணலி சமையலுக்குத் திரும்புவதில்லை. அயர்னை அணைப்பதற்கு முன் முனையில் சால்டர் பூசிவிட்டுத்தான் அணைப்பேன்.

உடம்பில் தேங்கும் நிலைமின்சாரத்தை வடிக்க மணிக்கட்டில் கட்டும் நிலைமின் கைப்பட்டை என்னிடம் இல்லை. சாரல் காலத்தில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் நிலைமின்சாரம் எளிதில் தேங்குவதில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு வெறும் தகரத்தைத் தொட்டுவிட்டு வேலை செய்கிறேன். வாங்குவதானால் உள்ளே ஒரு மெகா ஓம் தடை உள்ளதை வாங்குங்கள். சாதாரண வயரை மணிக்கட்டில் சுற்றி, எர்த் இல்லாத வீட்டில், பிளக்கில் இருக்கும் பெட்டியோடு இணைத்துக்கொள்பவரை நினைத்தால் எனக்கு 108தான் நினைவுக்கு வரும். சூடான காற்றை ஊதிச் சால்டரை உருக்கும் கருவியும் வாங்கவில்லை, ஆசை இருக்கிறது. தூசி ஊத ரப்பர் பந்து போதும். ஊதும்போது விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சித்திரை, வைகாசியில் கிணற்றடியும் காய்கிறது. எர்த் குழி காய்ந்தால் பழையபடி ஆகிவிடும் என்று அண்ணாச்சி சொன்னதை அப்பா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தினமும் சாயங்காலம் இரண்டு குடம் அந்தத் தொட்டியில் ஊற்றுகிறார். நான் மரக்கடையிலிருந்து வந்து சைக்கிளை நிறுத்தும்போது திண்ணையிலிருந்து குரல் வரும்: "உன் கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் காட்டியாயிற்று."